கதிரை அண்ணையும் தயங்கிய குதிரையும்

ஜெஸ்ரினின் மகள் பிறக்கத் தீர்மானித்த மத்தியானம் லண்டன் ஹவுன்ஸ்லோவில் மழை வெள்ளம் ஏறியதால் பாதி வீதிகளை மூடிவிட்டிருந்தார்கள். கூப்பிட்ட டாக்சி வரவில்லை. ஆம்புலன்ஸ் கட்டாயம் வரும், எப்போது என்றுதான் சொல்ல முடியாது என்றார்கள். அவன் மனைவி ஜெனோஜா வீட்டுப் படியில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கணவனின் பரம்பரையில் உள்ளவர்களை மூத்தவரிலிருந்து வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் ஒரு பழைய வெள்ளை வான் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அண்ணை.

அண்ணையைத் தேவாலயப் பங்கில் அறியாதவர் இல்லை. வயது அறுபதைத் தாண்டியவர். நெடுங்காலம் டென்மார்க்கில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். விடியற்காலையில் விமான நிலையத்தில் பயணிகள் விட்டுப்போன தள்ளுவண்டிகளைச் சேர்த்து அடுக்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் தேவாலய மண்டபம். கல்யாணமோ, செபக்கூட்டமோ, செத்தவீடோ, ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்குவது அவர்தான். கடைசி ஆள் போனபின் அதே கதிரைகளை மடக்கி வைப்பதும் அவர்தான். அன்றைக்கும், ஜெஸ்ரின் வீட்டுச் செபக்கூட்டத்துக்கு இரவல் கொடுத்த கதிரைகளை எடுத்துப்போகத்தான் வந்திருந்தார்.

முன் இருக்கையில் ஜெனோஜா ஏறினாள். பின்னால், வானில் ஏற்கெனவே கிடந்த மடக்குக் கதிரைகளுக்கு நடுவில் ஜெஸ்ரின் ஒடுங்கிக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதிரை தானாக விரிந்து அவன் முழங்காலைக் கவ்வியது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அண்ணை அருள் நிறைந்த மரியே சொன்னார். பச்சை விழுந்தால் பாதியில் நிறுத்திவிட்டு, அடுத்த சிவப்பில் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்.

"செபத்தை நிப்பாட்டாதேங்கோ அண்ணை!" என்று கத்தினாள் ஜெனோஜா.

"செபமும் கியரும் ஒண்டா எனக்கு ஏலாது தங்கச்சி. மாதாவுக்கு அது தெரியும். கொஞ்சம் பொறுங்கோ, அடுத்த லைற் சிவப்புத்தான்."

ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டு அரைமணி நேரத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. நடைபாதையில் காத்திருந்த அண்ணையை ஜெஸ்ரின் கட்டிப்பிடித்து அழுதான். அழுகையோடு அழுகையாக ஒரு வாக்கையும் கொடுத்தான்.

"அண்ணை, நீங்கள்தான் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். எங்கட குடும்பத்தில ரெண்டாம் பேர் ஞானத்தகப்பன்ர பேர்தான் வைக்கிறது. ஆம்பிளைப் பேர், பொம்பிளைப் பேர் எண்டு பாக்கிறேல்லை. என்ர மாமிக்கே ரெண்டாம் பேர் அந்தோனிப்பிள்ளை. என்ர பிள்ளைக்கு உங்கட பேர்தான்!"

அண்ணை தொப்பியைக் கழற்றி அதால் கண்ணைத் துடைத்தார். பிறகு, வானின் பின்கதவை மூடாமல் கதிரைகளை மழையில் நனையவிட்டு வந்தது நினைவுக்கு வந்து ஓடினார்.

அவர் ஓடும் முதுகைப் பார்த்தபடி நின்றபோதுதான் ஜெஸ்ரினுக்கு ஒன்று உறைத்தது. அண்ணையின் பெயர் அவனுக்குத் தெரியாது.

*

"ஜெனோ, அண்ணையின்ர பேரென்ன?"

"என்னையேன் கேக்கிறியள்? உங்கட சிநேகிதமெல்லோ."

"நான் உம்மட ஆக்கள் எண்டு நினைச்சன்."

"என்ர ஆக்களோ? கலியாணத்திலயே அவர் உங்கட பக்கம் இருந்து சாப்பிட்டவர்!"

"அவர் எங்க இருந்தவர்? கதிரையெல்லோ தூக்கிக்கொண்டு திரிஞ்சவர்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் பிள்ளை கொட்டாவி விட்டது.

நம் பழக்கம் அப்படி. மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை. அண்ணை என்ற ஒரு சொல் போதும். அதைப் போர்த்திக்கொண்டு எத்தனை வருடமும் ஓட்டிவிடலாம். அண்ணை இவர்கள் வீட்டில் கஞ்சி குடித்திருக்கிறார். இவர்கள் அவர் கொண்டுவந்த மீன் ரோல்ஸைப் பெட்டி பெட்டியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இனிப் போய், "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டால், இத்தனை காலமும் அறிய வேண்டும் என்றே தோன்றவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னது போலாகும். மனைவியை இழந்து, பிள்ளையும் இல்லாமல், ஒற்றை அறையில் இருக்கும் மனிதர். தன் பெயரில் ஒரு பிள்ளை வரப்போகிறது என்று கண்ணைத் துடைத்தவர். அவரை அப்படி நோகடிக்க ஜெஸ்ரினுக்கு மனம் வரவில்லை. ஆகவே கள்ளவழிகளைத் தேடினான்.

முதலில் ஊரைக் கேட்டான். பாடகர் குழுவின் தலைவி அருள்மலர் அக்கா, "ஆர், டென்மார்க் அண்ணையோ? அவற்ற பேர் டென்மார்க் அண்ணைதான்," என்றாள். கிறிஸ்துராஜா மாஸ்ரர், "கதிரை அண்ணையைக் கேக்கிறீரோ? நல்ல மனிசன். பேர்... பேர் எனக்கு வாயில நிக்குது," என்று சொல்லி, வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் வெளியே வரவில்லை. பெடியன்களுக்கு அவர் ரோல்ஸ் அங்கிள்.

வாட்ஸ்அப்பில் பார்த்தான். படம் இருக்கவேண்டிய இடத்தில் மடுமாதா இருந்தாள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "இயேசுவுக்கே புகழ்" என்றிருந்தது. அன்றைக்குத்தான் ஜெஸ்ரின் கவனித்தான், அவன் போனில் இருந்த பங்குக்காரர்களில் முக்கால்வாசிப்பேருக்கும் அதே பெயர்.

பிறகு தன் மூளையில் தானே மயங்கிப்போகும் அளவுக்கு ஒரு தந்திரம் செய்தான்.

"அண்ணை, உங்கட பேரை இங்கிலிசில என்னண்டு எழுதுறனீங்கள்? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதுகினமெல்லோ."

அண்ணை சிரித்தார். "அதுக்கென்ன தம்பி, கேக்கிற மாதிரியே எழுதுறதுதான். நீங்கள் படிச்ச ஆள், எழுத்துப் பிழைக்குமோ?"

ஞானஸ்நானத்துக்கு முந்திய ஞாயிறு நிலைமை இன்னும் மோசமானது. பூசை முடிந்து வாசலில் நின்றபோது புதிதாக வந்திருந்த ஆங்கிலேயப் பாதர் கையை நீட்டியபடி வந்தார். பிள்ளையின் ஞானத்தகப்பன் யார் என்று கேட்டார். அண்ணை பக்கத்தில்தான் நின்றார். சவரம் செய்து, கோட் போட்டு, கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"பாதர், இவர்தான்..." என்றான் ஜெஸ்ரின். "இவர் எங்கட... இவர் வந்து..."

ஒரு விமானம் தலைக்கு மேலே மெதுவாகப் போனது. அது போய் முடிந்தது. இன்னொன்று வந்தது.

"...அண்ணை."

"மிகுந்த மகிழ்ச்சி, மிஸ்டர் அண்ணை!" என்று பாதர் கையைக் குலுக்கினார்.

அண்ணைக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கையை விட்டபின் ஒரு கணம் குனிந்து காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். அந்த ஒரு கணம் ஜெஸ்ரினின் நெஞ்சில் தைத்தது.

இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மோராக். பங்கு அலுவலகத்தில் உதவிசெய்யும் ஸ்கொட்லாந்துக்காரி. லண்டனில் பாதி ஆயுளைக் கழித்தும் தன் ஊர்ப்பேச்சைக் கைவிடாதவர். லண்டன்காரருக்கே அவர் எதையும் இரண்டு தரம் சொல்லவேண்டும். ஆம் என்பதற்கு "ஐ" என்பார். அதற்காகவே ஜெஸ்ரினுக்கு அவரைப் பிடிக்கும். எங்கட ஓம் மாதிரி, ஊரை விட்டாலும் அதை விடேல்லை என்று ஜெனோஜாவிடம் சொல்லுவான்.

மோராக் அவனை அலுவலகத்துக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"உனக்கு அவர் பெயர் தெரியாது."

"தெரியும். இப்ப வருகுதில்லை."

"ஜெஸ்ரின், இது தேவாலயம். பொய் சொல்லாதே. பிஸ்கட் வேண்டுமா?"

அவன் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மோராக் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அது கேலிச் சிரிப்பல்ல; நெடுநாள் காணாத உறவினரைத் தெருவில் கண்டவரின் சிரிப்பு.

"இதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது. டார்ட்டல்."

"என்ன நோய் அது?"

"நோயில்லை. ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்யப் போகிறாய். வாயைத் திறக்கிறாய். பெயர் வரவில்லை. அப்போது ஒரு தயக்கம் வருகிறதே, அதுதான் டார்ட்டல். நீ இன்றைக்கு இரண்டு விமானம் போகும் வரை டார்ட்டல் செய்தாய்."

இதற்கென்றே ஒரு சொல் உலகத்தில் இருக்கிறது என்பதை ஜெஸ்ரினால் நம்ப முடியவில்லை. "எங்கயிருந்து வந்தது இந்தச் சொல்?"

"என் அப்பா குதிரையிடமிருந்து என்பார்," என்றார் மோராக். "அவர் பால்வண்டி ஓட்டியவர். எங்கள் குதிரை தினமும் அதே பாலத்தைத்தான் கடக்கும். திடீரென்று ஒருநாள் அந்தப் பாலத்தைக் கண்டதே இல்லை என்பது போல நின்றுவிடும். முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது, கண்ணை உருட்டும். அதையும் டார்ட்டல் என்றுதான் சொல்வோம். படித்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் தள்ளாடுவதற்கு ஒரு சொல் இருந்ததாம். நூற்றாண்டு கணக்காக வாய்க்கு வாய் மாறி, அதன் எழுத்துகள் இடம் பிசகி இப்படி ஆகியிருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள். யாருக்கும் நிச்சயமில்லை."

"அப்ப அந்தச் சொல்லே தடுமாறித் தடுமாறித்தான் வந்து சேர்ந்திருக்கு."

"ஐ! நன்றாகச் சொன்னாய். உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள்?"

ஜெஸ்ரின் யோசித்தான். "எங்களுக்குச் சொல் தேவைப்படேல்லை. அண்ணை எண்டு சொல்லித் தப்பிடுவம்."

"அதுதான் கோளாறு," என்றார் மோராக். "எங்களுக்குத் தப்ப வழி இல்லை. அதனால் சொல் ஒன்று வைத்தோம். 'என் டார்ட்டலை மன்னியுங்கள்' என்போம். எதிரில் நிற்பவர் சிரிப்பார், பெயரைச் சொல்வார், தேநீர் ஊற்றுவோம். முடிந்தது. ஒரு குற்றத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அது நாய்க்குட்டி மாதிரி. கூப்பிட்டால் வரும், இரு என்றால் இருக்கும். போய் அவரிடம் கேள்."

"கேக்க ஏலாது."

"குதிரையும் அப்படித்தான் நினைத்தது. என் அப்பா ஒருநாளும் அதை அடித்ததில்லை. இறங்கிப் பக்கத்தில் போய்க் காதைத் தடவுவார். பிறகு அது போகும்."

*

அந்த வாரம் முழுவதும் ஜெஸ்ரினின் காதைத் தடவ ஆள் இல்லை. மாறாக, சவுத்தாலில் கேக் செய்யும் பெனிற்றா ஓயாமல் போன் எடுத்துக் கேட்டபடி இருந்தாள்.

"கேக்கில என்ன பேர் எழுதுறது?"

"ஷெறோன் எண்டு எழுதுங்கோ," என்றாள் ஜெனோஜா. பிள்ளையின் முதல் பெயரை அவள் எப்போதோ தேர்ந்து வைத்துவிட்டாள். "பிறகு கொஞ்சம் இடம் விடுங்கோ."

"எவ்வளவு இடம்?"

"ஒரு மனிசன்ர பேர் அளவுக்கு."

"எத்தினை எழுத்து அக்கா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இடம் விடச் சொல்லுறன்?"

சனிக்கிழமை பின்னேரம் வந்துவிட்டது. அடுத்த நாள் ஞானஸ்நானம். அந்தச் சடங்கில் பாதர் கேட்கும் முதல் கேள்வியே, "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?" என்பதுதான். அங்கே, எல்லோருக்கும் முன்னால், ஞானத்தகப்பன் பக்கத்தில் நிற்கையில் வாய் அடைத்தால் என்ன செய்வது? ஜெஸ்ரின் மண்டபத்துக்குப் போனான். எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் போனான்.

கதவு பாதி திறந்திருந்தது. அண்ணை உள்ளே விருந்துக்குக் கதிரை போட்டுக்கொண்டிருந்தார். விரித்து, தரையில் வைத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஏதோ சொன்னார். ஜெஸ்ரின் காதைக் கூர்மையாக்கினான்.

"அருள்மலர். தொண்டை சுகமாகோணும், ஆண்டவரே." தட்டு. "கிறிஸ்துராஜா. சீனி வருத்தம் குறையோணும்." தட்டு. "லலிதா. மகன் போன் எடுக்கோணும்." தட்டு. "யதுசன். சோதினை பாஸாகோணும், கொஞ்சமாவது படிச்சு." தட்டு.

அவருக்கு எல்லோருடைய பெயரும் தெரிந்திருந்தது. தாங்கள் மண்டபத்துக்கு வந்து கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த கதிரை ஒவ்வொன்றும், தங்களுக்காகச் செபித்து வைக்கப்பட்ட கதிரை என்பது பங்கில் ஒருவருக்கும் தெரியாது.

"ஜெஸ்ரின். நல்ல தகப்பனா இருக்கோணும். ஜெனோஜா. நல்லா நித்திரை கொள்ளோணும்."

கடைசியாக ஒரு கதிரை மிஞ்சியது. ஜெஸ்ரின் மூச்சை அடக்கிக்கொண்டான். இதோ, இப்போது சொல்லப்போகிறார், சொன்னால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்று காத்திருந்தான். அண்ணை அந்தக் கதிரையை விரித்தார். முதுகில் தட்டவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அதில் தானே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டார்.

தன் பிரச்சினை தீரவில்லை என்பது ஜெஸ்ரினுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதலில் வந்தது வேறு நினைவு. இந்தக் கதிரைக்கு ஒருவரும் செபிக்கவில்லை. செபிக்க நினைத்தாலும், என்ன பெயரைச் சொல்லிச் செபிப்பது?

அவன் உள்ளே போனான். அண்ணைக்கு முன்னால் நின்றான். வாயைத் திறந்தான்.

"அண்ணை, ஸ்கொட்லாந்தில ஒரு குதிரை."

"ஓம்?"

"பால் வண்டிக் குதிரை. ஒவ்வொரு நாளும் ஒரே பாலத்தாலதான் போறது."

"சரி."

"ஒருநாள் நிண்டிட்டுது. பாலத்தை அடையாளம் தெரியேல்லை."

அண்ணையின் முகம் கவலையானது. "பாவம். கண்ணில ஏதும் வருத்தமோ?"

"இல்லை அண்ணை, கண் நல்லாத்தான் இருக்கு. கூச்சம்."

"குதிரைக்கோ?"

"எனக்கு!"

அண்ணை எழுந்து அவனைப் பிடித்துக் கிறிஸ்துராஜா மாஸ்ரரின் கதிரையில் இருத்தினார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லை. பிள்ளை பிறந்த வீட்டில தகப்பனுக்கு நித்திரை இல்லாட்டி இப்படித்தான். தேத்தண்ணி போடட்டோ?"

அந்தக் கை நெற்றியில் இருந்தபோதுதான் அவனுக்கு வாய் திறந்தது. பால்காரர் குதிரையின் காதைத் தடவியதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அண்ணை, என்ர டார்ட்டலை மன்னியுங்கோ. எனக்கு உங்கட பேர் தெரியாது. ஒருநாளும் கேக்கேல்லை. ஆஸ்பத்திரியில வாக்குக் குடுத்தாப்பிறகுதான் தெரியாதெண்டே தெரிஞ்சுது. நாளைக்குப் பாதர் கேப்பார். உங்கட பேரென்ன அண்ணை?"

மண்டபத்தில் விரித்த கதிரைகள் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தன.

"என்ர மனிசி போனாப்பிறகு," என்றார் அண்ணை மெதுவாக, "ஒருத்தரும் கேக்கேல்லை தம்பி. வேலையில எண்டா சட்டையில ஒரு நம்பர் இருக்கு. இஞ்ச எல்லாரும் அண்ணை எண்டுவினம். அது சந்தோசம்தான். ஆனா சிலவேளை பஸ்ஸுக்குள்ள இருக்கேக்க நானே எனக்குச் சொல்லிப் பாப்பன், மறந்துபோகாமலிருக்க."

"சொல்லுங்கோ அண்ணை."

அண்ணை வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. கண்ணை உருட்டினார். முன்னுக்கும் போகாமல், பின்னுக்கும் வராமல் அப்படியே நின்றார். சொந்தப் பெயரில் டார்ட்டல் செய்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். அண்ணை சிரிப்பில் ஆடிய ஆட்டத்துக்கு அருள்மலர் அக்காவின் கதிரை மடிந்து விழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பெயர் தானாக வெளியே வந்தது.

"பிலிப்புநேரி! என்ர பேர் பிலிப்புநேரி!"

"பிலிப்புநேரி அண்ணை," என்றான் ஜெஸ்ரின்.

"இன்னொருக்காச் சொல்லும்."

"பிலிப்புநேரி அண்ணை."

அவர் தொப்பியைக் கழற்றி அதால் கண்ணைத் துடைத்தார்.

*

பெனிற்றாவுக்கு ஜெனோஜா போன் எடுத்தபோது கடை மூடும் நேரம்.

"பிலிப்புநேரியோ! அக்கா, நான் விட்ட இடத்துக்கு மூண்டு எழுத்துக்கு மேல போடேலாது. மற்றதைப் பெட்டியிலதான் எழுதோணும்."

"போடக்கூடியதைப் போடுங்கோ, பெனிற்றா."

அடுத்த நாள் பாதர் கேட்டார். ஜெஸ்ரின் தயங்காமல், தேவைக்கு அதிகமான சத்தத்தில், "ஷெறோன் பிலிப்புநேரி!" என்றான். பிள்ளை திடுக்கிட்டு அழுதது. பெண்பிள்ளைக்கு அந்தப் பெயரா என்று பாதர் ஒரு கணம் யோசித்தது போலிருந்தது. பிறகு, பிலிப்பு நேரியார் சிரிப்பும் பகிடியுமாக வாழ்ந்த புனிதர், நல்ல தெரிவுதான் என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினார்.

மண்டபத்தில் கேக்கில் "ஷெறோன் நேரி" என்று இளஞ்சிவப்பில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து பிள்ளையை எல்லோரும் நேரி என்றே கூப்பிட்டார்கள். கேக் தீர்மானித்த பெயர் அது.

சங்கதி ஜெனோஜா மூலம் பங்கு முழுவதும் பரவியிருந்தது. ஒவ்வொருவராக வந்து, "பிலிப்புநேரி அண்ணை, எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டார்கள். முதல் சில தடவை அவர் பின்னால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். கிறிஸ்துராஜா மாஸ்ரர் மட்டும், "எனக்கு எப்பவோ தெரியும், வாயில நிண்டது," என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மோராக் தன் தங்கையை அழைத்து வந்திருந்தார். கையில் கேக்கோடு தங்கையை ஜெஸ்ரினிடம் கூட்டிவந்து, "இவன்தான் நான் சொன்ன அந்தப் பையன். பிள்ளையின் அப்பா. இவன் பெயர்..." என்றார்.

ஒரு விமானம் தலைக்கு மேலே மெதுவாகப் போனது.

"ஐயோ," என்றார் மோராக். "என் டார்ட்டலை மன்னித்துவிடு."

"ஜெஸ்ரின்," என்றான் அவன், அவருக்குத் தேநீர் ஊற்றியபடி. அவனுக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

அதற்கு அடுத்த செபக்கூட்டத்துக்கு அவன் நேரத்தோடு போய் அண்ணையோடு சேர்ந்து கதிரை விரித்தான். பெயர்களை அவர் சொல்ல, இவன் முதுகில் தட்டினான். கடைசிக் கதிரை வந்தபோது அண்ணை வழக்கம்போல அதில் உட்காரக் குனிந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று ஜெஸ்ரின் அவரைத் தடுத்து, அந்தக் கதிரையின் முதுகில் நன்றாக ஒரு தட்டுத் தட்டினான். "பிலிப்புநேரி. முழங்கால் நோ குறையோணும், ஆண்டவரே."

"வான் பிரேக்கையும் சொல்லிவிடும் தம்பி," என்றார் அண்ணை. பிறகு உட்கார்ந்தார்.